கனக் விருந்தாவனம்: தோட்டத்துக்குள் கோயிலா, கோயிலுக்காகத் தோட்டமா?

தெற்குவாசல் | 3 ஜூலை 2023, இரவு 9:40

ஜெய்ப்பூரில் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. ஆம்பேர் கோட்டை போகும் சாலையில், ஜல் மஹல் ஏரியைத் தாண்டியதும் மலையடிவாரத்தில் வரும் கனக் விருந்தாவனத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். கோவிந்த தேவ்ஜி (கிருஷ்ணர்) மூலவர் அங்கேதான் இருக்கிறார் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். இன்னொன்றில் அது வெறும் பூங்கா, கல்யாண போட்டோ எடுக்கிற இடம் என்றார்கள். எது சரி? அரை மணி நேரம் போதுமா?

அஷ்டபதி | 3 ஜூலை, இரவு 10:25

இரண்டுமே சரியில்லை. கோவிந்தர் இப்போது நகருக்குள், ஜெய் நிவாஸ் தோட்டத்தில், சூரஜ் மஹல் என்ற மண்டபத்தில் இருக்கிறார். கனக் விருந்தாவனம் அவர் அதற்கு முன் தங்கிய இடம்.

சுருக்கமாக வரிசை: விருந்தாவனத்தில் சைதன்யரின் சீடர் ரூப கோஸ்வாமி இந்த மூர்த்தியைக் கண்டெடுத்தது 1535-ஐ ஒட்டி என்பார்கள். ஆம்பேர் அரசர் மான் சிங் அங்கே செம்மணற்கல்லில் பெரிய கோயில் எழுப்பியது 1590. ஔரங்கசீப் ஆட்சியில், 1669-70 வாக்கில், மூர்த்தியை இரவோடிரவாக எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ராதாகுண்டம், காமான், கோவிந்தபுரா என்று நிறுத்தி நிறுத்தி, கடைசியில் ஆம்பேர் மலைகளுக்கு இடையிலுள்ள இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். பரவலாகச் சொல்லப்படும் ஆண்டு 1714. சவாய் ஜெய் சிங் ஆட்சி. ஜெய்ப்பூர் நகரத்துக்குக் கால்கோள் 1727 நவம்பர் 18-இல்தான். ஆகவே கோவிந்தர் இங்கே வந்தபோது ஜெய்ப்பூர் என்று ஓர் ஊரே கிடையாது. அதை மனதில் வைத்துக்கொண்டு அந்தத் தோட்டத்தைப் பாருங்கள்; பூங்காவாகத் தெரியாது.

குன்றடி | 4 ஜூலை, காலை 7:05

இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மேற்கே நாஹர்கர் மலை. தெற்கே மான் சாகர், அதாவது ஜல் மஹல் நிற்கும் ஏரி. தர்பாவதி ஆற்றை இரு குன்றுகளுக்கு நடுவே அணை போட்டு மறித்து உண்டானது, 1610 வாக்கில். 1596 பஞ்சத்துக்குப் பிறகு எடுத்த முடிவு அது. பள்ளத்தாக்கில் பெய்கிற மழை ஏரியை நோக்கி இறங்குகிறது. தோட்டம் அந்தச் சரிவின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. மேலே மலை, நடுவில் தோட்டம், கீழே ஏரி.

ஜெய்ப்பூரில் வருடத்துக்குச் சுமார் 600 மி.மீ. மழைதான். அதில் பெரும்பங்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை கொட்டிவிட்டுப் போய்விடும். மீதி ஒன்பது மாதத்துக்குத் தோட்டத்தை உயிரோடு வைக்க வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது பூ அல்ல, தண்ணீர் ஏற்பாடு.

தெற்குவாசல் | 4 ஜூலை, காலை 8:30

அந்தக் காலத்தில் மோட்டார் இல்லாமல் நீரூற்று எப்படி ஓடியது? அதைச் சொன்னால் அரை மணி நேரத்தை ஒரு மணி ஆக்குகிறேன்.

குன்றடி | 4 ஜூலை, மதியம் 1:15

உயரத்தில் ஒரு தொட்டி. அதிலிருந்து சுட்ட மண் குழாய். குழாய் முனையில் வெண்கலக் குமிழ். இந்த வகைத் தோட்டங்களுக்குப் பொதுவான ஏற்பாடு இது. தொட்டி நீர்மட்டம் குமிழைவிட 3 மீட்டர் மேலே இருந்தால், கணக்குப்படி நீர் வினாடிக்கு 7.7 மீட்டர் வேகத்தில் வெளியே வரும். உராய்வு, வளைவு, குமிழின் சொரசொரப்பு எல்லாம் கழித்தால் 2 மீட்டர் எழும்புவதே நல்ல ஊற்று.

6 மி.மீ. துளை என்று வையுங்கள். ஒரு குமிழுக்கு வினாடிக்கு 0.2 லிட்டர், நிமிடத்துக்கு 12. இருபது குமிழ் இருந்தால் நிமிடத்துக்கு 240 லிட்டர், மணிக்கு 14,400.

இனி அதை மேலே ஏற்றுவது. நம் ஊர்க் கமலை ஏற்றம்தான் அங்கும். தோல் சால், ஒரு ஜோடி மாடு, சரிவுப் பாதை. ஒரு சாலுக்கு 150 லிட்டர், ஓர் இழுப்புக்கு ஒன்றரை நிமிடம் என்றால் மணிக்கு 6,000 லிட்டர். இருபது ஊற்று ஓட இரண்டரை ஜோடி மாடு இடைவிடாமல் இழுக்க வேண்டும். மாட்டுக்கு ஓய்வு வேண்டும் என்பதால் நடைமுறையில் நான்கைந்து ஜோடி. அதனால்தான் இப்படிப்பட்ட தோட்டங்களில் ஊற்று நாள் முழுக்க ஓடியிருக்காது. தொட்டியை முன்கூட்டி நிரப்பி வைத்து, அரசர் வரும்போது, உற்சவத்தின்போது, அடைப்பைத் திறந்துவிடுவது.

மகிழம்பூ | 4 ஜூலை, மாலை 6:50

கமலை மட்டும் அல்ல. ஆம்பேர் அரண்மனைக்குக் கீழே மாவோட்டா ஏரியிலிருந்து பல படிகளாகப் பாரசீகச் சக்கரம் வைத்துத் தண்ணீரை மேலேற்றினார்கள். சக்கரத்தில் மண் குடங்கள் மாலையாகக் கோத்திருக்கும். ஏற்றிய இடத்தில் தொட்டி, அங்கிருந்து அடுத்த சக்கரம். கோட்டை பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கட்டடத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

குன்றடி | 4 ஜூலை, இரவு 9:10

ஆமாம், சேர்த்திருக்க வேண்டும். மலை மேலும் அப்படித்தான். ஜெய்கர் கோட்டையில் அறுபது லட்சம் காலன் பிடிக்கும் மழைநீர்த் தொட்டி இருக்கிறது. மலைச் சரிவில் கால்வாய் வெட்டி, ஓடிவரும் மழையை வளைத்துக் கொண்டுவந்து நிரப்புவது. நாஹர்கரில் பாவடி என்னும் படிக்கிணறுகளுக்கும் இதே முறை. இந்த மலைத்தொடரில் தண்ணீர் வேலை தெரியாமல் யாரும் எதையும் கட்டவில்லை.

அஷ்டபதி | 5 ஜூலை, காலை 6:20

"கனக்" எங்கிருந்து வந்தது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பொன் என்று பொருள். ஜெய் சிங்கின் அரசியரில் ஒருவர் கனக்தே, அவர் பெயரால் அமைந்தது என்று அங்கே சொல்வார்கள். கோவிந்தரின் பழைய வீடு விருந்தாவனம். இரண்டும் சேர்ந்து பெயரானது.

தலைப்புக் கேள்விக்கு என் பதில்: கோயிலுக்காகத் தோட்டம். சைதன்யர் வழிவந்த கௌடீய வைணவத்தில் கோவிந்தர் இருப்பது குஞ்சத்தில், அதாவது மரங்கள் அடர்ந்த கொடிவீட்டில். கற்கோபுரத்தின் கீழ் அல்ல. ஊரைவிட்டு வந்தவருக்கு அவர் ஊரையே நட்டுக் கொடுத்தார்கள். நகருக்குள் போன பின்னும் அதையே செய்தார்கள் பாருங்கள்: சூரஜ் மஹலுக்கு விமானம் கிடையாது, சிகரம் கிடையாது, தோட்டத்து மண்டபம். எதிரே அரசரின் சந்திர மஹல், நேர்கோட்டில், நடுவே தோட்டம். அரசர் தன் மாளிகையிலிருந்தே பார்க்கலாம். முத்திரையில்கூடத் தன்னைக் கோவிந்தர் பாதத்தில் அடைக்கலம் புகுந்தவன் என்றுதான் பொறித்துக்கொண்டார். நாடு கோவிந்தருடையது, தான் அவருடைய திவான் என்ற ஏற்பாடு.

தெற்குவாசல் | 5 ஜூலை, காலை 9:00

அப்படியென்றால் இப்போது கனக் விருந்தாவனத்தில் யார்? காலிக் கோயிலா?

அஷ்டபதி | 5 ஜூலை, காலை 9:35

காலி இல்லை. நட்வர்ஜி (இவரும் கிருஷ்ணர்தான்) சந்நிதி இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கைக் கனக் காட்டி என்றும் சொல்வார்கள். அங்கேயே ராதா மாதவர் இருக்கிறார். ஜெயதேவர் பூஜித்த மூர்த்தி என்பது சம்பிரதாயம். நம் பஜனை மடங்களில் இன்றும் அவருடைய அஷ்டபதி பாடாமல் ராதா கல்யாணம் நடக்காது. அப்படிப் பாடுகிறவர்கள் ஜெய்ப்பூர் வரை வந்துவிட்டு இந்தச் சந்நிதியை விட்டுவிட்டுப் போவது எனக்குத் தாங்கவில்லை. ஓட்டுநரிடம் "கனக் காட்டி ராதா மாதவ்" என்று கேளுங்கள். "கனக் விருந்தாவன்" என்றால் தோட்ட வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்.

சுண்ணாம்புக் காளவாய் | 5 ஜூலை, இரவு 8:15

கட்டடத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஜெய்ப்பூர்ச் சுவர்களில் உள்ளே மலைக்கல், வெளியே சுண்ணாம்புக் காரை, மேலே அராயிஷ் பூச்சு. தொட்டால் சலவைக்கல் மாதிரி குளிரும். நம் செட்டிநாட்டுப் பூச்சுக்கு ஒன்றுவிட்ட தம்பி. செட்டிநாட்டில் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும். ஜெய்ப்பூரில் தயிரும் வெல்லமும்.

செய்முறை சுருக்கமாக:

சுண்ணாம்பை நீற்றித் தண்ணீரிலேயே மாதக்கணக்கில் ஊறவைக்க வேண்டும், பழையதானால் நல்லது. தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், தயிர் சேர்ப்பார்கள். அடிப்பூச்சு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு செங்கல் தூளோ மணலோ, ஏறக்குறைய 12 மி.மீ. கனம். மரத்தட்டால் அடித்து அடித்து இறுக்குவது. அது இறுகிய பின் சுண்ணாம்பும் சலவைக்கல் பொடியும் கலந்த மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றும் 1 மி.மீ. அளவு. கடைசிப் பூச்சு துணியில் வடிகட்டிய சுண்ணாம்புக் களி. அது ஈரமாக இருக்கும்போதே அகீக் (agate) என்ற வழவழப்பான கல்லால் தேய்க்க வேண்டும். காய்ந்தால் போயிற்று, பளபளப்பு வராது. ஓவியம் வேண்டுமானால் அதே நாளில் ஈரத்திலேயே வண்ணம் வைத்துவிட வேண்டும். முடிவில் தேங்காயைத் துணியில் கட்டித் தேய்ப்பது.

ஒரு நாளில் எவ்வளவு தேய்த்து முடிக்க முடியுமோ அவ்வளவுதான் பூச வேண்டும். ஒட்டுக்கோடு தெரியாமலிருக்க மூலையிலோ தூண் ஓரத்திலோ நிறுத்துவது வழக்கம். பழைய சுவரில் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு நாள் வேலையும் எங்கே முடிந்தது என்று தெரியும்.

மகிழம்பூ | 5 ஜூலை, இரவு 9:40

அருமை. பழுதானால்?

சுண்ணாம்புக் காளவாய் | 6 ஜூலை, காலை 6:45

முக்கால்வாசிப் பழுதும் சிமென்டால் வருவது. எந்த ஊர்த் தோட்ட மண்டபமானாலும் கதை ஒன்றுதான். புல்லுக்குத் தினமும் தண்ணீர் பாய்கிறது. சுவரடியில் ஈரம் ஏறுகிறது. அந்த ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு வருகிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை மூச்சாக வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடும், சிமென்ட் முடிகிற இடத்துக்கு மேலே போய் வெளியே வரும். இரண்டடி உயரத்தில் சிமென்ட் பூசினீர்களா, மூன்றாவது அடியில் பூச்சு உப்பிக் கொட்டும். அதற்கும் சிமென்ட் பூசுவார்கள். இப்படியே கூரை வரை போகும்.

சரிசெய்வது: ஈரக்கோட்டுக்கு மேல் அரை மீட்டர் வரை சிமென்டைக் கையுளியால் எடுக்கணும். மெஷின் உளி வைத்தால் கல் அதிர்ந்து உள்காரை உதிரும். கல் இடுக்கை 2-3 செ.மீ. ஆழம் சுரண்டி, காகிதக் கூழும் வெண்களிமண்ணும் சுத்தமான நீரில் பிசைந்து ஒரு விரல் கனம் அப்பி, காயும் வரை விட்டு எடுத்தால் உப்பை உறிஞ்சிக்கொண்டு வரும். இரண்டு மூன்று தடவை செய்யணும். பிறகுதான் சுண்ணாம்புக் காரை. இந்த வேலையை மே மாதத்தில் தொடங்கவே கூடாது. 42 டிகிரி வெயிலில் சுண்ணாம்பு இறுகுவதற்கு முன் உலர்ந்து மாவாகும். மழைக்குப் பின், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை செய்யலாம். ஈரக் கோணி தொங்கவிட்டு இரண்டு வாரமாவது நனைக்கணும்.

அதற்கும் முன்னால் சுவரிலிருந்து மூன்றடிக்குப் புல்லை எடுத்துவிட்டுச் சரளைக்கல் போட்டாலே பாதி வியாதி தீரும்.

தெற்குவாசல் | 6 ஜூலை, காலை 10:00

அங்கே ஒரே சலவைக்கல்லில் செதுக்கிய பரிக்கிரமா நீரூற்று இருப்பதாகப் படித்தேன். வெள்ளைப் படிவு கட்டியிருந்தால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ போட்டுத் தேய்த்துவிடலாம் அல்லவா? எங்கள் குளியலறைக் குழாய்க்கு அதுதான் மருந்து.

குன்றடி | 6 ஜூலை, காலை 10:20

ஆமாம், ராஜஸ்தான் நிலத்தடி நீர் கடுமையான உப்பு நீர். குமிழ்த் துளை அடைத்துக்கொள்வதே ஊற்றுகள் நின்றுபோவதற்கு முதல் காரணம். வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டால் படிவு கரைந்துவிடும்.

சுண்ணாம்புக் காளவாய் | 6 ஜூலை, காலை 10:32

நிறுத்துங்கள்! குமிழைக் கழற்றித் தனியாக வாளியில் ஊறப்போடலாம். சலவைக்கல்லின் மேல் ஒரு சொட்டுப் படக்கூடாது. படிவும் சலவைக்கல்லும் ஒரே பொருள், இரண்டும் கால்சியம் கார்பனேட். படிவைக் கரைக்கும் புளிப்பு கல்லையும் கரைக்கும். செதுக்கின் கூர்மை போய் மழுங்கிவிடும், போனது திரும்பாது. ஆசிட் ஊற்றிக் கழுவிய சலவைக்கல்லை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லலாம்: சர்க்கரைக் கட்டி மாதிரி பொருபொருவென்று இருக்கும்.

சலவைக்கல்லுக்கு மென்மையான தூரிகை, புளிப்பும் காரமும் இல்லாத சோப்பு, தண்ணீர். இரும்புக் கறைக்கு அமோனியம் சிட்ரேட் கலந்த காகிதக் கூழ்ப் பற்று. கனத்த படிவை மரக்குச்சியால் பொறுமையாகப் பெயர்ப்பது. அவ்வளவுதான்.

குன்றடி | 6 ஜூலை, காலை 10:50

ஒப்புக்கொள்கிறேன். "கழற்றி" என்ற சொல்லை விட்டுவிட்டேன், அதுதான் முக்கியமான சொல். இன்னொன்றும் சேர்க்கிறேன்: இப்போது இப்படிப்பட்ட ஊற்றுகளை மோட்டாரில் ஓட்டுகிறார்கள். அதே நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவதால், வெயிலில் ஆவியாக ஆக மிச்ச நீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். நீரை வாரத்துக்கு ஒருமுறையாவது கொஞ்சம் வெளியேற்றிப் புதுநீர் சேர்க்கணும். சேமித்த மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்ல நீர் இல்லை. முன்னோர் ஓட்டியது அதில்தான்.

நீர் வழியும் சரிவுப் பலகையைச் சாதர் என்பார்கள், துணி விரிப்பு என்று பொருள். அதன் மேல்விளிம்பு மட்டம் ஒரு மி.மீ. இரண்டு மி.மீ. தப்பினாலும் நீர் ஒரு பக்கமாக ஓடும், மறுபக்கம் பாசி பிடிக்கும். பலகையில் மீன்செதில் மாதிரி செதுக்கியிருப்பது அழகுக்கு மட்டுமல்ல. மெல்லிய நீர்ப்படலம் அதில் தட்டி உடைந்து நுரைக்கும், கொஞ்சம் நீரே நிறைய நீராகத் தெரியும், ஓசையும் வரும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் தண்ணீரைச் சிக்கனமாகக் காட்டும் வித்தை.

மகிழம்பூ | 7 ஜூலை, காலை 7:30

மரங்கள். குஞ்சம் என்றால் கடம்பு இருக்கணும், அங்கே நட்டிருக்கிறார்கள். கடம்பு ஈர நிலத்து மரம். ஜெய்ப்பூர் வறட்சியில் அதை வளர்ப்பது லேசு இல்லை. முதல் மூன்று கோடை நிழலும் வாரம் இருமுறை ஆழமாகத் தண்ணீரும் வேண்டும். மேலோட்டமாகத் தினமும் தெளித்தால் வேர் மேலேயே படர்ந்து, ஒரு வாரம் தண்ணீர் தவறினால் உச்சி காய்ந்துவிடும். மகிழ மரத்தை மௌல்ஸ்ரீ என்பார்கள் அங்கே. அது தாங்கும். மெதுவாக வளரும், ஆனால் அடர்ந்த நிழல். உதிர்ந்த பூ காய்ந்த பின்னும் மணக்கும்.

சுற்றியுள்ள மலையில் இயற்கையாக இருப்பது தோக் மரம். மழையில் பச்சை, குளிர் தொடங்கினால் இலை செம்பு நிறமாகும், பிறகு சாம்பல் நிறக் குச்சிதான். பிப்ரவரியில் போய்விட்டு "மலை செத்துவிட்டது" என்று எழுதாதீர்கள். அது உறங்குகிறது.

உண்மையான ஆபத்து சீமைக்கருவேலம். நமக்குத் தெரிந்த அதே எதிரி. ஜோத்பூர் சமஸ்தானம் 1940-இல் அதற்கு அரச மரம் என்ற தகுதியே கொடுத்தது. அரச மரம் என்றால் நம் அரசமரம் இல்லை, அரசாங்கம் காக்கும் மரம்! அது ஆரவல்லிச் சரிவுகளில் தோக்குக்கு இடமில்லாமல் செய்கிறது. வெட்டினால் போதாது, அடிக்கட்டையை ஓரடி ஆழம் தோண்டி வேர்க்கழுத்தோடு எடுக்கணும், இல்லையென்றால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். எடுத்த குழியில் அடுத்த மழைக்குள் உள்ளூர்ப் புல்லையாவது விதைக்கணும். வெறும் சரிவாக விட்டால் மண் முழுக்க ஏரிக்குப் போகும்.

குன்றடி | 7 ஜூலை, காலை 8:10

மண் ஏரிக்குப் போவதற்கு முன் தோட்டத்தின் மேல் தடுப்புச்சுவரைத் தள்ளும், அதையும் சொல்லணும். மலையடித் தோட்டத்தில் சுவர் விழுவது மண்ணின் பாரத்தால் மட்டும் இல்லை, பின்னால் தேங்கும் நீரின் அழுத்தத்தால். சுவரில் கசிவுத் துளை வேண்டும்: 75 முதல் 100 மி.மீ. குழாய், ஒன்றரை இரண்டு மீட்டருக்கு ஒன்று, வெளிப்பக்கம் சற்றே சாய்வாக. பின்னால் ஓரடிக்குச் சரளை. மராமத்து என்ற பெயரில் முதலில் அடைக்கப்படுவது இந்தத் துளைதான், அசிங்கமாகக் கறை வழிகிறது என்று. இரண்டு மழைக்குப் பிறகு சுவர் வயிறு தள்ளும்.

மான் சாகருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பிரம்மபுரி, நாகதலாயி என்ற இரண்டு ஓடைகள் நகரக் கழிவைக் கொண்டுவந்து சேர்த்தன. ஏரியைச் சீர்படுத்தும் வேலை பெருமளவில் நடந்தபோது முதலில் அந்த ஓடைகளைத் திருப்ப வேண்டியிருந்தது. மலைப்பக்கமிருந்து வரும் நீர் சுத்தம், நகரப் பக்கமிருந்து வருவது அழுக்கு. கனக் விருந்தாவனம் சுத்தமான பக்கத்தில் இருக்கிறது.

தெற்குவாசல் | 7 ஜூலை, இரவு 9:30

வேறொன்று கேட்கணும். அங்கே ஜெய் சிங் அசுவமேதம் செய்ததாகவும், அதற்காகவே கோவிந்தரை வரவழைத்ததாகவும், காஞ்சிபுரத்திலிருந்து வரதராஜரையே கொண்டுபோனதாகவும் ஒரு பதிவு சுற்றுகிறது. காஞ்சி வரதர் ஜெய்ப்பூரிலா? நம்பவே முடியவில்லை.

அஷ்டபதி | 8 ஜூலை, காலை 5:50

மூன்று விஷயங்களைக் கலந்துவிட்டார்கள். பிரிக்கிறேன்.

ஒன்று: கோவிந்தர் வந்தது யாகத்துக்காக இல்லை. அவர் வந்து இருபது வருடம் போலக் கழித்துத்தான் யாகம்.

இரண்டு: ஜெய் சிங் அசுவமேதம் செய்தது உண்மை. 1734 என்றும், 1740-களின் தொடக்கம் என்றும் இரண்டு காலம் சொல்லப்படுகிறது, இரண்டு யாகம் என்று கொள்பவர்களும் உண்டு.

மூன்று: யாகத்துக்கு வரதராஜ மூர்த்தி தெற்கே காஞ்சியிலிருந்து வந்தது என்பது ஜெய்ப்பூர் மரபு. கொண்டுவந்தவர் ஹீடா மீனா என்ற வீரர். அவர் பெயரால் நகரில் ஹீடா கி மோரி என்ற வழி இன்றும் இருக்கிறது. ஜல் மஹலுக்கு அருகே குன்றின் மேல் வெள்ளையாக ஒரு சிறு கோயில் தெரியும், அதுதான் வரதராஜர் கோயில்.

ஆனால் காஞ்சி மூலவர் எங்கேயும் போகவில்லை. பழைய மூலவரான அத்தி வரதர் குளத்துக்குள் இருந்தார், 1979, 2019 என்று நாற்பது வருடத்துக்கு ஒருமுறை வெளியே வருகிறார். ஜெய்ப்பூருக்குப் போனது ஒரு வரதராஜ மூர்த்தி, காஞ்சியின் வரதராஜர் அல்ல என்று படித்தால் குழப்பம் இல்லை.

அஷ்டபதி | 8 ஜூலை, காலை 6:35

மேலே எழுதியதற்குப் பிறகு தோன்றியது. காஞ்சி உற்சவர் ஊரைவிட்டுப் போன கதையும் உண்டல்லவா? அதே ஔரங்கசீப் காலம். 1688-இல் முகலாயப் படை வருகிறது என்று வரதரை உடையார்பாளையம் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1710-இல் ஆத்தான் ஜீயர் முயற்சியாலும் தளபதி தோடர்மல் (அக்பரின் அமைச்சர் அல்ல, வேறொருவர்) உதவியாலும் காஞ்சிக்குத் திரும்பினார். கோயிலிலேயே கல்வெட்டு இருக்கிறது.

வரதருக்கு 22 வருடம் வெளியூர் வாசம். கோவிந்தருக்கு விருந்தாவனத்தை விட்டு இந்தப் பள்ளத்தாக்குக்கு வர ஏறத்தாழ 44. அவர் வந்த 1714-க்கு நான்கு வருடம் முன்புதான் வரதர் வீடு திரும்பியிருக்கிறார். வரதர் தன் ஊருக்கே போனார். கோவிந்தர் போகவில்லை, ஊர் அவரிடம் வந்தது.

மகிழம்பூ | 8 ஜூலை, காலை 7:20

அஷ்டபதி சார், இதை முதலிலேயே எழுதியிருந்தால் நான் கடம்பைப் பற்றி இன்னும் மரியாதையாக எழுதியிருப்பேன். வறண்ட மண்ணில் எதற்கு ஈர நிலத்து மரம் என்று ஒரு தோட்டக்காரர் கேட்கலாம். இப்போது காரணம் இருக்கிறது.

அஷ்டபதி | 8 ஜூலை, காலை 11:15

ஒரு சிறு கிளைச்செய்தி, ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு. அதே மலைத்தொடரில் நகருக்குக் கிழக்கே கல்தா என்ற பள்ளத்தாக்கு. சுனை, குண்டங்கள், ராமானந்தி மடம். அங்கிருந்தவர்கள் ராமானுஜர் வழி என்று சொல்லிக்கொண்டு, கோவிந்தர் கோயில் கௌடீயர்களிடம் "உங்களுக்கு வேதாந்த சூத்திர உரை உண்டா? கோவிந்தர் பக்கத்தில் ராதையை வைத்துப் பூஜிக்கலாமா?" என்று வாதம் எழுப்பினார்கள். பலதேவ வித்யாபூஷணர் வந்து உரை எழுதி, அதற்குக் கோவிந்தர் பெயரையே வைத்தார். ஜெய் சிங் காலம். ராதை கோவிந்தர் அருகிலேயே நின்றார். இன்றும் நிற்கிறார்.

சுண்ணாம்புக் காளவாய் | 8 ஜூலை, மாலை 5:00

கோயில் உட்கூரையில் கண்ணாடிப் பதிப்பு இருக்கிறது, அண்ணாந்து பாருங்கள். இதன் பழைய முறையில் கண்ணாடித் துண்டு தட்டையாக இருக்காது, சற்றே புடைத்திருக்கும். ஊதிய கண்ணாடிக் கோளத்திலிருந்து வெட்டி எடுப்பது. புடைப்பு இருப்பதால்தான் ஒரு விளக்கு நூறு விளக்காகத் தெரிகிறது. பழுதுபார்க்கும்போது தட்டைக் கண்ணாடி ஒட்டினால் அந்த இடம் மட்டும் செத்துத் தெரியும். ஈரத்துணி வைத்துத் துடைக்கக் கூடாது. ஓர இடுக்கு வழியாக ஈரம் பின்னால் போய் ரசப்பூச்சு கறுத்துவிடும். உலர்ந்த தூரிகை மட்டும்.

தெற்குவாசல் | 9 ஜூலை, காலை 8:00

சரி, அரை நாள் ஒதுக்குகிறேன். திட்டம்: விடியற்காலை ஜெய் நிவாஸில் கோவிந்தர் மங்களா தரிசனம், பிறகு கனக் விருந்தாவனம், கடைசியில் ஆம்பேர் கோட்டை. சரியா?

குன்றடி | 9 ஜூலை, காலை 8:25

வெயில் கணக்குப்படி தவறு. கோட்டைக்கு மதியம் போய்ச் சேர்வீர்கள், கல் கொதிக்கும். ஜூலையில் மழை வேறு. வந்தால் மதியத்துக்கு மேல்தான் பெரும்பாலும்.

அஷ்டபதி | 9 ஜூலை, காலை 8:50

திருப்பிப் போடுங்கள். ஆம்பேர் காலையில். இறங்கி வரும்போது கனக் காட்டி ராதா மாதவர், நடை சாத்துவதற்குள். அடுத்து நட்வர்ஜி, தோட்டம். மதியம் ஓய்வு. மாலை ஜெய் நிவாஸ், சந்தியா தரிசனம். ஆம்பேர் மலையிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக நகருக்கு இறங்குவீர்கள். கோவிந்தர் பள்ளத்தாக்கிலிருந்து நகருக்குப் போன அதே திசை.

கோவிந்தருக்கு ஒரு நாளில் ஏழு தரிசனம்: மங்களா, தூப், சிருங்கார், ராஜபோக், க்வால், சந்தியா, சயன். ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம்தான், நடுவில் திரை. நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் முதல் நாளே கோயில் பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

தெற்குவாசல் | 9 ஜூலை, காலை 9:15

மாற்றிவிட்டேன். தோட்டத்தில் எவ்வளவு நேரம்?

மகிழம்பூ | 9 ஜூலை, காலை 9:20

இரண்டு மணி நேரம். மகிழ மரத்தடியில் உட்கார இருபது நிமிடம் தனி.

சுண்ணாம்புக் காளவாய் | 9 ஜூலை, காலை 9:41

சுவரடியில் எந்த உயரத்தில் பூச்சு உப்பியிருக்கிறது என்று மட்டும் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து.